இன்ஜெக்டர் மாற்றிய பின் டீசல் யந்திரத்தைக் கிளப்பும் முறை
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்னை கல்மண்டபத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்வளம் பெருகும் பொருட்டு சர்க்கார் கிழக்குக் கடற்கரைக்கு விதித்திருக்கும் தடை இது. அந்நாட்களிலேதான் படகுகளைப் பழுது பார்ப்பதும், யந்திரங்களுக்குப் புதிய இன்ஜெக்டர் பூட்டுவதும் நடைபெறுகின்றன. தடை நீங்கிய அன்று மற்றப் படகுகள் புறப்பட்டுவிட, ஒரு படகின் யந்திரம் மட்டும் கிளம்பாது நின்றால், ஏற்றி வைத்த ஐஸும் கரையும். ஆட்களின் அன்றைய வரும்படியும் போகும். கிராமத்தில் டீசல் பம்புசெட்டு வைத்திருக்கும் குடியானவருடைய நிலையும் இதுவே. வாடும் பயிர் மெக்கானிக்குக்காகக் காத்திராது.

இத்தகைய சமயத்தில், "புதிய சாமான் மட்டம்" என்று கடைக்காரரை நிந்திப்பதும், பாட்டரி தீருமளவும் யந்திரத்தைச் சுற்றுவதும் வழக்கமாயிருக்கிறது. இரண்டினாலும் பிரயோஜனமில்லை. பெரும்பாலும் குற்றம் சாமானில் இல்லை. எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றில் இருக்கிறது.

காரணம் யாதெனில், பெட்ரோல் யந்திரத்தைப்போல் டீசல் யந்திரத்துக்கு மின்பொறி கிடையாது. 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய யந்திரத்தில், அழுத்தத்தால் சூடேறிய காற்றே எண்ணெயைப் பற்றவைத்தது. இன்றும் தத்துவம் அதுவே. அச்சூட்டில் எண்ணெயைப் புகைபோல் தூவுவது இன்ஜெக்டரின் வேலை. பம்பு கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 200 மடங்கு காற்றழுத்தத்தை எட்டினாலன்றி சாதாரண இன்ஜெக்டரின் வாய் திறவாது. எண்ணெய் எளிதில் சுருங்காது. காற்றோ பஞ்சுபோல் சுருங்கும். குழாயில் காற்றிருந்தால் பம்பின் வேலையெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். இதனையே மெக்கானிக்குகள் "ஏர் பிடித்துவிட்டது" என்பர்.

முதலில் பூட்டும் வேலை சரியா என்று கவனிக்க வேண்டும். இன்ஜெக்டரின் அடியில் செப்பு வாஷர் ஒன்றே இருத்தல் வேண்டும். பழையது குழியில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை வைத்தல் கூடாது. இருபுறத்து நட்டுகளையும் மாறிமாறிச் சமமாக இறுக்க வேண்டும்.

பின்னர் காற்றை நீக்கும் முறை வருமாறு:

1. தொட்டியில் போதிய எண்ணெய் ஊற்றிக் குழாயைத் திறக்கவும்.
2. பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவும். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியற்ற எண்ணெய் வந்ததும் இறுக்கவும்.
3. பிரதான பம்பிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்யவும்.
4. இன்ஜெக்டர்களின் தலையிலுள்ள குழாய் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, நிறுத்தும் பிடி ஓடும் நிலையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, யந்திரத்தைச் சுற்றவும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாமல், மோட்டார் ஆற இடைவெளி விடவும். எண்ணெய் குமிழியின்றி வந்த நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கவும்.

இதன்பின் யந்திரம் முதலில் தடுமாறி, வெண்புகை விட்டு, சிறிது நேரத்தில் சீராக ஓடும். ஹாண்டிலால் சுற்றும் பம்புசெட்டில், காற்று நீங்கியதும் இன்ஜெக்டர் 'கிர்' என்று முனகுவதைக் காதால் கேட்கலாம். மீண்டும் மீண்டும் குமிழி வந்தால், தொட்டிக்கும் பம்புக்கும் இடையே எங்கோ இணைப்பு தளர்ந்து காற்றை உறிஞ்சுகிறது என்று அறியவும்.

புதிய மாதிரியான காமன் ரெயில் யந்திரங்களுக்கு இம்முறை ஆகாது. அவற்றில் அழுத்தம் 1,000 மடங்கையும் கடந்து செல்லும். குழாய் நட்டைத் தளர்த்துவது அபாயம். பயின்றவரிடமே விடவும்.

இன்னுமொரு எச்சரிக்கை மிக முக்கியமானது. ஓடும் யந்திரத்தில் கசிவை விரலால் தடவிப் பார்க்கலாகாது. அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கவும். இன்ஜெக்டரிலிருந்து சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே முள் குத்தியது போன்ற புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் சொற்பமாயிருக்கலாம். ஆயினும் உள்ளே சதை அழுகி, விரலையே எடுக்க நேரிடும். துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராமல், உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, நடந்ததை டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இன்ஜெக்டரைச் சோதிக்கும் கைப்பம்பு ஒன்றைத் தனி ஒருவர் வாங்குவது அரிது. சங்கம் வாங்கினால் அனைவருக்கும் உதவும். அதனுடன் அளவான ஸ்பானர்களும் செப்பு வாஷர்களும் சங்கக் கட்டிடத்தில் இருக்கட்டும். பூட்டுமுன் சோதித்த இன்ஜெக்டரைப் பற்றிப் பின்னர் சந்தேகம் எழாது. கடலுக்குப் போகும் நாளுக்கும் நீர் பாய்ச்சும் நாளுக்கும் ஒரு நாள் முன்னதாகவே யந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் வழக்கமாக வேண்டும்.