ஆய்வுக்களத்தில் தமிழ் வேண்டும்

(மொழிப்போர் ஈகியர் நாளையொட்டிச் சென்னை மூலக்கொத்தளத்தில் பொறியியல் மாணவரிடையே ஆற்றிய உரை)

 

ஈகியர் உறங்கும் இம் மூலக்கொத்தளத்தில் நின்று, மாணவர் செய்யும் பொறிகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். பொருந்தும் என்பதே என் விடை. 1938-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதனை எதிர்த்துச் சிறைபுகுந்த நடராசன் 1939 சனவரியிலும், தாளமுத்து அவ்வாண்டு மார்ச்சிலும் தம் இன்னுயிரை ஈந்தனர். 1940 பிப்ரவரியில் அக்கட்டாயம் நீங்கிற்று. அவர்கள் போராடியது வெறும் எழுத்துக்காகவா? இல்லை! தமிழ்ப்பிள்ளை எம்மொழியில் கற்பது, எம்மொழியில் எண்ணுவது என்னும் உரிமைக்காக அன்றோ அவர்கள் மாண்டனர்!

அதே 1938-இல்தான் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அறிவியற் கலைச்சொற்களைத் தொகுத்து நூலாக்கி வெளியிட்டது. ஒரு சாரார் தெருவில் நின்று மொழியைக் காத்தனர். மற்றொரு சாரார் சொல்லாக்கி மொழியை வளர்த்தனர். இரண்டும் ஒரே போரின் இரு முனைகள். முதல் முனையில் நாம் வென்றோம். இரண்டாம் முனையிலோ, தமிழ் இன்னும் பொறியியற் கல்லூரியின் வாயிற்படியிலேயே நிற்கின்றது. அதனைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

2019-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஆதோர்ன் நகரில், இசுபேசெக்சு நிறுவனம் மாணவர்க்கென ஒரு போட்டி நடத்தியது. 'ஐப்பர்லூப்' என அவர்கள் வழங்கும் விரைவுக் குழல்வழிக்கான போட்டி அது. நீண்ட குழலொன்றில் இருந்து காற்றை இறைத்து வெளியேற்றிவிட்டு, அதனுள் ஊர்தியை ஓடவிடுவர். காற்றின் தடை குறைவதால் ஊர்தி மிக விரைந்து செல்லும். ஊர்தி தன் ஆற்றலாலேயே ஓடவேண்டும். குழலின் மறுமுனைக்கு 100 அடிக்குள் சென்று தானே நிற்கவும் வேண்டும். யாருடைய ஊர்தி மிகுவிரைவு எய்துகின்றதோ அவர்க்கே வெற்றி.

இறுதிக் கட்டத்துக்கு உலகெங்குமிருந்து 21 அணிகள் தேர்வாயின. ஆசியக் கண்டத்திலிருந்து சென்ற ஒரே அணி, நம் சென்னையின் இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர் அணி. எண்ணிப் பெருமை கொள்ளுங்கள்! ஆயினும் அடுத்த செய்தியையும் மறவாது கேளுங்கள். அந்த 21 அணிகளுள், ஆய்வுகள் அனைத்தையும் கடந்து இறுதிநாளில் குழலுக்குள் ஓடியவை நான்கே. நம்மவர் ஊர்தி அந்நான்கனுள் இல்லை. செருமனியின் மியூனிக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவரது ஊர்தி மணிக்கு 463 கிலோமீட்டர் விரைவெய்தி வென்றது.

ஓடாத பதினேழு அணியினரும் அறிவிற் குறைந்தவரா? அல்லர். வரைபடத்தில் எல்லாப் பொறியும் ஓடும். மேசைமேல் வைத்து முடுக்கினால் பெரும்பாலான பொறிகள் ஓடும். வெற்றிடத்தில் வைத்தால்தான் உண்மை வெளிப்படும். மின்னோடியும் மின்கலமும் சூடேறுகின்றன. திறந்த வெளியில் காற்று அச்சூட்டை வாங்கிச் செல்கின்றது. காற்றில்லாத குழலுள் அச்சூடு எங்கே போகும்? பொறிக்குள்ளேயே தேங்கும். காற்று மெலிந்த இடத்தில் மின்பொறியும் எளிதிற் பாயும். ஆகவே வெளியில் நன்கு இயங்கிய மின்சுற்று உள்ளே கெட்டுப்போகலாம். இவற்றையெல்லாம் நூலில் படித்தறிவது ஒன்று, ஆய்ந்தறிவது மற்றொன்று.

ஆய்வு என்பது யாது? முதலில் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே சோதிக்கவேண்டும். பின்னர்ச் சேர்த்துச் சோதிக்கவேண்டும். ஓடவைக்குமுன் நிறுத்தக் கற்கவேண்டும். மெல்ல ஓட்டிய பின்னரே விரைந்து ஓட்டவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது, எதனால் கேடு விளைந்தது என அறிய வழியில்லை. கண்டதைக் கண்டவாறே அன்றன்றே எழுதி வைக்கவேண்டும். இவ்வுண்மையை நம் மாணவரும் உணர்ந்தனர். அக்கழகத்தின் தையூர் வளாகத்தில் 400 மீட்டருக்கும் மிகுந்த நீளமுடைய ஆய்வுக்குழல் 2024-இல் அமைந்துவிட்டது. பிறர் களத்தை நம்பியிராமல் தமக்கென ஒரு களம் அமைத்துக்கொண்டதைப் பாராட்டுகின்றேன்.

இனி என் வழக்குக்கு வருகின்றேன். ஆய்வின் உயிர் எது? குறையைக் கூர்மையாகச் சொல்லும் சொல்! 'ஏதோ ஓசை வருகின்றது' என்பவன் ஆய்வாளன் அல்லன். எங்கிருந்து, எப்பொழுது, எவ்வகை ஓசை என்று சொல்பவனே ஆய்வாளன். பெரம்பூரில் தொடர்வண்டிப் பெட்டியும், எண்ணூரில் சரக்குந்தும், திருவொற்றியூரில் விசையுந்தும் செய்து தழும்பேறிய கைகள் இவ்வட சென்னையின் கைகள். இராயபுரத்துக் கடைசற் பட்டறையில் நிற்கும் முதியவர், உருளைத்தாங்கி தேய்ந்ததை ஓசையைக் கேட்டே உணர்வார். அதனைத் தமிழில் நான்கு வகையாகப் பிரித்தும் சொல்வார். வரைபடம் எடுத்துச் செல்லும் மாணவனோ ஆங்கிலத்தில் எழுதிய நான்கு எழுத்தைக் காட்டி நிற்பான். 'இறுகப் பொருந்த வேண்டுமா, வழுக்கிச் செல்ல வேண்டுமா?' என்று அம்முதியவர் வினவினால், விடை சொல்ல இவனுக்குச் சொல் வாராது. சொல் வாராமைக்கு அடியிலே பெரும்பாலும் பொருள் விளங்காமையே உள்ளது. வரைபவனுக்கும் வனைபவனுக்கும் இடையே உள்ள மொழியிடைவெளி, நாளை அப்பொறியின் இடைவெளியாகவே வந்து நிற்கும்.

'உலகப் போட்டிக்கு ஆங்கிலம் வேண்டாவா?' என்பீர்கள். வேண்டும். விதிகளைப் படிக்கவும் அறிக்கை விடுக்கவும் ஆங்கிலத்தை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் 2019-இல் வென்ற மியூனிக்கைப் பாருங்கள். அங்கு இளநிலைப் பொறியியற் கல்வி பெரும்பாலும் செருமானிய மொழியிலேயே நடக்கின்றது. தாய்மொழியில் கற்றதால் அவர்கள் ஊர்தி மெதுவாகவா ஓடிற்று?

தமிழால் இயலாது என்பாரும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். கடல்கடந்து வந்தவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா? 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. 2023-இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவ்வகுப்புகளை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பெழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பைத் திரும்பப் பெறச் செய்தல் எளிது. இருக்கைகளை நிரப்புதலே அரிது. தமிழ்வழியிற் கற்றவனுக்கு வேலையுண்டு என்னும் உறுதி பிறக்கும் வரையில் எந்தத் தாயும் தன் பிள்ளையை அனுப்பத் தயங்குவாள். அவ்வுறுதியைப் பிறப்பிக்க வேண்டியது நம் கடமை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். முன்னர்ச் சொன்ன அணியின் பெயர் ஆவிசுகார். அக்கழகத்தின் மற்ற மாணவரணிகள் இரப்தார், அபியான், அக்னிரத் என்பன. சென்னை மண்ணிற் பிறந்த இப்பொறிகளின் பெயர்களுள் தமிழ் எங்கே? அங்குப் பயில்வோர் பல மாநிலத்தவர்; அவர்களைக் குறைகூற வரவில்லை. நம் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் செய்யும் பொறிகளுக்கேனும் தமிழ்ப்பெயர் உண்டா என்பதே என் வினா. நம் முன்னோர்க்குச் சொல் இல்லாமலா போயிற்று? உப்பு வணிகர் வண்டியின் அடியில் மாற்றச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் பாடுகின்றார். 'சேமவச்சு' என்பது அதன் பெயர். ஓர் உறுப்பு கெட்டால் மற்றோர் உறுப்பு கைகொடுக்க வேண்டும் என்னும் இற்றைப் பொறியியலின் கருத்து, ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே ஒரு சொல்லாக நம் வண்டியின் அடியிலே தொங்கியது!

ஆயினும் தம்பியரே, தமிழ்ப்பெயரைப் பொறியின் நெற்றியில் எழுதிவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எண்ணுவது பெயர்ப்பலகைத் தமிழ். அது போதாது. நீங்கள் செய்யவேண்டியவை மூன்று. உங்கள் ஆய்வுக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதுங்கள். சொல் வேண்டின், தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிஞர் அருளியாரின் 'அருங்கலைச்சொல் அகரமுதலி'யைப் புரட்டுங்கள். பட்டறைக்குச் சென்று தொழிலாளர் வாயில் வாழும் சொற்களைக் கேட்டுத் தொகுத்து வாருங்கள். நூலில் இல்லாத சொல்லும் அங்கே இருக்கும். பொறி முடிந்ததும் இத்தெருவில் கொணர்ந்து நிறுத்தி, எழுதப் படிக்க அறியாத அன்னைக்கும் விளங்குமாறு அதனை விளக்குங்கள். அவ்விளக்கமே உங்கள் முதல் ஆய்வு. அதிலே தேறிய பொறி எந்தக் குழலிலும் நுழையும்!

தமிழில் எண்ணுங்கள்! தமிழில் இயற்றுங்கள்! தமிழில் ஆய்ந்து உலகை வெல்லுங்கள்!