நீதியரசரின் செயலாளரும் மாத்தளைக் கிளர்ச்சியும்

நீதிமன்றத்திலிருந்து வெளிவரும் தீர்ப்பை உலகம் படிக்கின்றது. அத்தீர்ப்பை எழுதிய மனிதர் அதற்கு முன்னும் பின்னும் பட்ட பாட்டை அறிந்தவர் மிகச் சிலரே. நீதிபதியின் அருகில் அமர்ந்து குறிப்பெடுப்பவர், அவர் கடிதங்களைப் படியெடுப்பவர், அவர் அடித்துத் திருத்திய வரிகளைக் கண்ணாற் கண்டவர் ஆகிய இவர்களுக்கே அந்த அறிவு வாய்க்கின்றது. வழக்கறிஞர் தொழிலை மேற்கொள்ளும் இளைஞன் ஒருவனுக்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. சட்டத்தைப் புத்தகத்தில் கற்கலாம். சட்டம் விட்டுவைத்த இடைவெளியில் ஒரு நல்ல நீதிபதி எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதை அருகிலிருந்துதான் கற்கவேண்டும்.

இலங்கையில் அவ்வாறு கற்ற ஒருவர் லோரன்ஸ் ஒலிபன்ற். 1829 இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் சேர் அன்ரனி ஒலிபன்ற் 1838 இல் இலங்கையின் பிரதம நீதியரசராகி, 1854 வரை அப்பதவியில் இருந்தவர். நுவரெலியாவில் அவர் பெயரைத் தாங்கிய தோட்டம் தேயிலையின் தொடக்க வரலாற்றிலே பேசப்படுவது. மகன் லோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்கவில்லை. தந்தையாருக்கு அந்தரங்கச் செயலாளராக அமர்ந்தார். அக்காலத்து வழக்கப்படி இளம் வயதிலேயே இங்கு வழக்கறிஞராகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். இருபத்து மூன்று வயது நிரம்புவதற்குள் கொலை வழக்குகளில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவற்றைக் கண்டுவிட்டதாக அவரே பெருமையோடு சொல்லிக்கொண்டதுண்டு. முதுமையை நெருங்கிய காலத்தில், 1887 இல், தம் சாகச வாழ்வின் நினைவுகளை நூலாக வெளியிட்டார்.

அந்நினைவுகளில் ஒரு செய்தி, மாத்தளையை அறிந்த எவரையும் சற்றே நிறுத்திச் சிந்திக்க வைக்கும். 1848 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒலிபன்ற் குடும்பத்தினர் விடுமுறையில் இத்தாலி நாட்டிலே பயணம் செய்துகொண்டிருந்தனர். ஐரோப்பா எங்கும் மக்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டு அது. உரோமாபுரியில் ஆஸ்திரியத் தூதரகத்தின் மேலிருந்த அரச சின்னத்தை மக்கள் கூட்டம் பிடுங்கியெடுத்துத் தீயிட்டது. அக்கூட்டத்திலே தாமும் கலந்து நின்றதாக லோரன்ஸ் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். பதினெட்டு வயது இளைஞனுக்கு அது சுதந்திரத் திருவிழா. எவரும் அவரைப் பிடிக்கவில்லை; எந்த மன்றும் அவரை விசாரிக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில் மாத்தளையிலும் மக்கள் கூடினார்கள்.

அதன் காரணங்களைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். 1847 இல் தேசாதிபதியாக வந்த டொறிங்டன் பிரபு, கோப்பி விலை வீழ்ந்து திறைசேரி வறண்டிருந்த வேளையில் புதிய வரிகளை விதித்தார். துவக்கு வைத்திருப்பதற்கு வரி, நாய் வளர்ப்பதற்கு வரி, கடைக்கு வரி. வீதிச் சட்டம் ஒவ்வோர் ஆண்மகனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்கவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. உடல் உழைப்பும் பணமும் தம் துறவுக்கு ஒவ்வாதன எனப் பிக்குமார் முறையிட்டனர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் காட்டையும் சேனையையும் இழந்திருந்த கண்டிக் கிராமத்தவனுக்கு, வரி என்பது கடைசிச் சுமையாக வந்து சேர்ந்தது. அந்தக் காடுகளை அழித்தெழுந்த கோப்பித் தோட்டங்களுக்குத்தான் நம்மவர்கள் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து, நோயிலும் பசியிலும் பலரை வழியிலே பறிகொடுத்து, மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். ஆள்வோரின் ஒரே திட்டம் ஒருவனுடைய காணியை எடுத்தது; மற்றவனுடைய உழைப்பை எடுத்தது. இரு சாராரும் இதை உணர நெடுங்காலம் சென்றது.

ஜூலை 26 ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மொறட்டுவையிற் பிறந்த புரன் அப்பு அவருடைய படைத்தலைவர். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. வாரியபொல தோட்டத்தருகே படையினர் எதிர்த்தபொழுது கிளர்ச்சி சிதறியது. ஜூலை 29 இல் கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அரச படையில் உயிரிழந்தவர் ஒருவருமில்லை. ஆயினும் இராணுவ மன்றுகள் பதினெட்டுப் பேரைச் சுட்டுக் கொல்ல விதித்தன. புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆந் திகதி கண்டியிற் சுடப்பட்டார். மாத்தளைப் பகுதியிலே மக்களின் கால்நடைகளும் தானியமும் கைப்பற்றப்பட்டு விற்கப்பட்டன.

உரோமாபுரியில் அரச சின்னம் எரிந்தது. மாத்தளையில் வரிப் பதிவேடு அழிந்தது. செயல்கள் ஒத்தவை. ஒன்றைச் செய்தவர் பிற்காலத்தில் அதைச் சுவையான கதையாக எழுதினார். மற்றதைச் செய்தவர்களுக்குக் கதை எழுத உயிரில்லை.

இங்குதான் நீதியரசர் ஒலிபன்றை நாம் சந்திக்கிறோம்.

இராணுவச் சட்டம் பற்றி ஆங்கிலச் சட்ட மரபில் ஒரு பழைய கொள்கை உண்டு. நாட்டின் நீதிமன்றங்கள் கூடமுடியாத அளவுக்குக் குழப்பம் மிகுந்திருந்தால் மட்டுமே அதற்கு இடமுண்டு. நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கும்பொழுது படைவீரனின் மன்றுக்கு வேலையில்லை. ஆனால் 1848 இல் கண்டியில் நிகழ்ந்தது என்ன? ஆகஸ்ட் இறுதியில் உயர் நீதிமன்றம் கண்டியிலே விசேட அமர்வு கூடியது. சாட்சிகள் வந்தார்கள், மொழிபெயர்ப்பு முதலியார் நின்றார், சான்றாளர் குழுவினர் அமர்ந்தார்கள். அதே நகரில் இராணுவ மன்றும் தன் வேலையை நிறுத்தவில்லை. இராணுவச் சட்டம் அக்டோபர் 10 வரை நீக்கப்படவேயில்லை. ஒரே ஊரில், ஒரே குற்றச்சாட்டுக்கு, ஒருவன் எந்த வாயிலில் நுழைகிறான் என்பதைப் பொறுத்து அவனுடைய உயிர் இருந்தது.

குடாபொல தேரரை எண்ணிப் பாருங்கள். இராணுவ மன்று அவரைக் குற்றவாளி எனக் கண்டது. அவர் குற்றமற்றவராக இருத்தல் கூடும் எனக் கண்டியிலிருந்த பிறக்கிராசிமார் கவலை கொண்டு, இராணியின் வழக்குரைஞராகிய செல்பி துரையிடம் ஓடினார்கள். அரசாங்கத்தின் சட்ட அதிகாரியாகிய அவரே தேசாதிபதியிடம் சென்று தவணை கேட்டார். தேசாதிபதி இணங்கவில்லை. அப்பொழுது அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட கடுஞ்சொல் பின்னர் இலண்டன் வரை எட்டிப் பெரும் விவாதமாயிற்று. ஆகஸ்ட் 26 ஆந் திகதி தேரர் துவராடையுடனேயே சுடப்பட்டார். உயர் நீதிமன்ற அமர்வு தொடங்குவதற்கு இருந்த இடைவெளி சில நாள்களே.

அவ்வமர்வில் இராசத் துரோகக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர்களுக்குப் பிரதம நீதியரசர் மரண தண்டனையே விதித்தார். வேறு தண்டனை விதிக்க அவருக்கு வழியில்லை. இராசத் துரோகத்துக்கு மரணம் என்பது சட்டம். அதைக் கூட்டவோ குறைக்கவோ நீதிபதிக்கு உரிமையில்லை. இரக்கம் காட்டும் அதிகாரம் முழுவதும் தேசாதிபதியின் கையில் இருந்தது. அந்தத் தேசாதிபதியோ, சில நாள்களின் முன் ஒரு துறவியின் உயிருக்குச் சில மணி நேரம் கொடுக்கவும் மறுத்தவர்.

இந்நிலையில் ஒரு நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'என் கடமை முடிந்தது' என்று எழுந்து போயிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒலிபன்ற் அப்படிச் செய்யவில்லை. தண்டனை பெற்றவர்களுக்குக் கருணை காட்டவேண்டும் என்று தேசாதிபதியிடம் எழுத்து மூலம் பரிந்துரைத்தார். மரண தண்டனைகள் குறைக்கப்பட்டன. எல்கடுவைக் குகையில் ஒளிந்திருந்து செப்டம்பர் 21 இல் பிடிபட்ட கொங்காலேகொட பண்டாவும் உயர் நீதிமன்றத்தின் முன்னேதான் நிறுத்தப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. அரசன் என்று முடிசூடியவர் மலாக்காவுக்கு உயிரோடு சென்றார். அவருடைய படைத்தலைவர் போகம்பறையில் உயிரிழந்தார். இருவரிடையே இருந்த வேறுபாடு, ஒருவர் முந்திப் பிடிபட்டார், மற்றவர் பிந்திப் பிடிபட்டார் என்பதே.

நேயர்களே, இந்த நீதியரசரைப் புரட்சிக்காரர் எனக் கொள்ளுதல் தவறு. அவர் பேரரசின் ஊழியர், தோட்டம் வைத்திருந்தவர், கிளர்ச்சி குற்றம் என்பதில் அவருக்கு ஐயம் இருந்திருக்க முடியாது. அவருடைய தாராள மனம் வேறிடத்தில் இருந்தது. சட்டப்படி தண்டித்த பின்னும், தண்டிக்கப்பட்டவன் தம் பொறுப்பிலிருந்து நீங்கிவிட்டதாக அவர் எண்ணவில்லை. அதிகாரத்தில் இருப்பவர் கேட்க விரும்பாததை அவர் கையில் எழுத்தாகக் கொடுத்தார். வாயாற் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்த பரிந்துரையைப் புறக்கணிப்பவர், ஒருநாள் அதற்கு விடை சொல்லவேண்டி வரும்.

அந்த நாளும் வந்தது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1849 இல் ஒரு விசேட குழுவை அமைத்து இலங்கை விவகாரத்தை ஆராய்ந்தது. முன்னர் மாத்தளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் பல்லாண்டு பணிபுரிந்து, சிகிரியாவை மேனாட்டாருக்கு அறிமுகப்படுத்திய போர்ப்ஸ் என்னும் படையதிகாரி, இராணுவக் கொலைகளைப் பற்றி 1850 இல் தனி நூலே எழுதினார். அவர் மாத்தளை மக்களை நெருங்கி அறிந்தவர். டொறிங்டன் பிரபு 1850 இல் பதவி விட்டு நாடு திரும்பினார். தேசாதிபதியின் கட்டளையும் கேள்விக்கு உட்பட்டதே என்பதை, செல்பியின் தடையும் ஒலிபன்றின் பரிந்துரையும் போன்ற எழுத்துகள் உலகுக்கு உணர்த்தின.

செயலாளராக இருந்த மகனும் அத்தகைய பயிற்சியின் பலனைப் பிற்காலத்தில் அனுபவித்தார். எல்ஜின் பிரபுவின் செயலாளராக 1854 இல் அமெரிக்காவுக்கும், பின்னர் சீனத்துக்கும் யப்பானுக்கும் சென்றார். பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஒருவருடைய கருத்தைத் தெளிவான கடிதமாக்கும் கலைக்கு அவர் முதற்பாடம் பெற்ற இடம் இலங்கை.

நிற்க. நீதிபதியின் பரிந்துரை என்பது எவ்வளவு உயர்ந்ததாயினும், அது ஒரு வேண்டுகோளே. தேசாதிபதி மறுத்திருந்தால் ஒலிபன்றால் யாதும் செய்திருக்க முடியாது. வேண்டுகோள் கட்டளையாக மாறுவதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. அதற்கும் இந்த மலைகளே களமாயின. மாத்தளைக்கு அயலே மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகஸ் தோட்டத்தில் பயிற்சிபெற வந்த பிரேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர், தமிழ்த் தொழிலாளரின் பக்கம் நின்று பேசலானார். 1937 ஏப்பிரலில், நாற்பத்தெட்டு மணி நேரத்துள் நாட்டை விட்டு வெளியேறும்படி தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். இளைஞர் மறைந்திருந்து, பின்னர் கைது செய்யப்பட்டார். அவருக்காக அப்புக்காத்து எச். வி. பெரேரா ஆட்கொணர்வு மனுவின் மீது வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் அதைக் கேட்டனர். அவசரகாலத்துக்கென வகுத்த 1896 ஆம் ஆண்டின் அதிகாரத்தைச் சாதாரண காலத்திற் பயன்படுத்த இயலாது, தேசாதிபதியும் தம் கட்டளைக்குச் சட்ட ஆதாரம் காட்டவேண்டும் எனத் தீர்ப்பளித்து, மே 18 ஆந் திகதி அவரை விடுதலை செய்தனர்.

1848 இல் நீதியரசர் தேசாதிபதியிடம் கேட்டுக்கொண்டார். 1937 இல் நீதியரசர்கள் தேசாதிபதியைக் கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வழியைச் சட்டப் புத்தகங்கள் மட்டும் அமைக்கவில்லை. தமக்கு அதிகாரம் இல்லாத இடத்திலும் மௌனமாக இராத நீதிபதிகளும், தவணை கேட்டு ஓடிய பிறக்கிராசிமாரும் சேர்ந்து அமைத்த வழி அது.

இன்று நீதிபதியொருவரின் கீழ் குறிப்பெடுக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. தீர்ப்பைப் படியெடுங்கள், அதைவிடக் கவனமாக, தீர்ப்பு முடிந்தபின் உங்கள் நீதிபதி என்ன எழுதுகிறார் என்பதைப் பாருங்கள். சட்டம் கைவிட்ட மனிதனுக்காக அவர் மேலும் ஒரு தாளை எடுக்கிறாரா என்பதைக் கொண்டு அவரை அறிந்துகொள்ளலாம்.