பி வைட்டமின்களும் நமது சைவச் சாப்பாடும்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. விஞ்ஞானப் பட்டதாரி; சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன்; எழுபதைத் தாண்டியவன். எனவே நான் சொல்லப்போவதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளப் பிரார்த்திக்கிறேன்.

பி வைட்டமின் என்பது ஒன்றல்ல, எட்டு. எட்டும் நீரில் கரைபவை. உண்ட அன்னம் சக்தியாக மாறுவதற்கும், ரத்தம் ஊறுவதற்கும், நரம்புகள் ஒழுங்காக இயங்குவதற்கும் இவை அவசியம்.

1890-களில் ஜாவாவில் பணியாற்றிய எய்க்மான் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்தால் குணமாவதையும் கண்டார். தவிட்டில் இருந்த அந்தப் பொருள்தான் பி1. இதற்காக 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் அகங்களிலோ மல்லிகைப்பூப் போல வெளுத்த பச்சரிசிதான் வேண்டும். அதையும் நாலு தண்ணீர் விட்டுக் களைந்து, கஞ்சியையும் வடித்துவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு? புழுங்கலரிசி மேல். நெல்லை அவிக்கும்போதே தவிட்டின் பி1-ல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பருப்பும் சுண்டலும் மீதிக் குறையைத் தீர்க்கும்.

அடுத்தது பி9, அதாவது ஃபோலிக் அமிலம். 1928-ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர், கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சத்தினால் தீர்வதைக் கண்டறிந்தார். அந்தச் சத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை 1945-ல் வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த நமது எல்லாப்பிரகட சுப்பாராவ். கீரையும் பயறும் தினமும் இலையில் விழுந்தால் இதற்குப் பஞ்சமில்லை.

நமக்குக் கவலை தரவேண்டியது பி12. இதை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள் மட்டுமே. கீரை, காய், தானியம் எதிலும் இது கிடையாது. இட்லி மாவு புளிப்பதால் வந்துவிடும் என்று நம்புவதற்கும் இல்லை. மாமிசமும் முட்டையும் தொடாத நமக்குப் பாலும் தயிரும்தான் கதி. ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 2.2 மைக்ரோகிராம். அதற்கு அரை லிட்டர் பாலாவது வேண்டும். இரண்டு வேளை டிகிரி காபியும், ஒரு கரண்டி நீர்மோரும் அந்தக் கணக்குக்கு வராது!

பாலே நிறையக் குடித்தாலும், வயதானால் வயிற்றில் அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 சரியாகப் பிரிந்து ரத்தத்தில் சேராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளும் நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குறை அதிகம். கல்லீரலில் சில வருஷங்களுக்கான இருப்பு உண்டு. ஆகவே குறை மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

உள்ளங்கால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், நாக்கில் எரிச்சல், ஞாபக மறதி ஆகியவை அறிகுறிகள். மாடுங்காவானாலும் கரோல்பாக்கானாலும் இவற்றுக்கு நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றே: "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்." இந்த ஒரு வார்த்தையில்தான் ஆபத்து இருக்கிறது. வயோதிகத்துக்கு மருந்து இல்லை. பி12 குறைவுக்கு உண்டு. ஆனால் காலம் கடந்துவிட்டால் நரம்புக்கு வந்த சேதம் முழுவதும் சரியாகாமலே போகலாம். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தாமாக வாங்கிச் சாப்பிட்டால் சோகை மறைந்து, நரம்புச் சேதம் உள்ளுக்குள்ளே தொடரவும் கூடும்.

'மாத்திரை சைவமா?' என்று கேட்கும் ஆசாரசீலர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்துக்கான பி12 நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாரிக்கப்படுகிறது. காப்ஸ்யூலின் கூடு மட்டும் ஜெலட்டினாக இருக்கலாம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியாகவும் கிடைக்கிறது.

எனவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். அறுபது கடந்தவர்கள் அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது, பி12-ஐயும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தம்பதிகளாகவே போய்வாருங்கள். அகத்தில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய மோரைக் கரைத்துக் குடிப்பவர்கள் பெரும்பாலும் நம் இல்லத்தரசிகளே.