சாகச் சொல்லும் குரலுக்குச் செவி கொடாதீர்!

(நத்தத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியும் போனஸும் பேசுகிற மேடையில் இன்று தற்கொலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது நம் விஷயமா என்று சிலர் கேட்கலாம். சர்க்கார் கணக்கே பதில் சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் தினக்கூலிகள் 44,713 பேர். நாலில் ஒருவருக்கு மேல் நம்மவர்! வட்டிக்கடன், வேலையின்மை, குடி, வீட்டுச் சண்டை, மில் ஹாஸ்டலில் தனித்துக் கிடக்கும் பெண்ணின் ஏக்கம் எல்லாம் சேர்ந்து நெஞ்சை அழுத்துகின்றன. இதைக் கோழைத்தனம் என்று ஏசுகிறவர் விஷயம் அறியாதவர்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். சாக வேண்டுமென்ற வேகம் காய்ச்சல் மாதிரி, ஏறும், இறங்கும். முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னால் தற்கொலையால் சாவதில்லை. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் மிஞ்சும். ஆனால் அந்த நேரத்தில் இரண்டு எதிரிகள் அருகே நிற்கிறார்கள்.

முதல் எதிரி, கைக்கெட்டும் விஷம். இலங்கையில் 1995இல் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டார்கள். கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்தாண்டில் அந்தத் தொகை பாதியாயிற்று. வறுமை ஒழிந்துவிடவில்லை, யுத்தமும் 2009இல்தான் முடிந்தது. விஷம் கைக்கெட்டவில்லை, உயிர் தப்பியது! நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலும் இரண்டு கிராமங்களில், மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். நம் மாந்தோப்புகளுக்கு அடித்த மருந்தின் மிச்சம் எங்கே இருக்கிறது? குடிசைக்குள்ளா? இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது எதிரி, போனுக்குள் இருக்கிறது. சாவைப் பற்றியே பேசுகிற கூட்டங்கள் அதில் உண்டு. "உன் வேதனை எங்களுக்குத்தான் தெரியும், வீட்டில் சொல்லாதே" என்பார்கள். வேறெவரும் காது கொடுக்காதபோது அது ஆறுதலாகவே தோன்றும். ஆனால் அங்கே பிழைக்க வழி சொல்வாரில்லை. போ, போ என்று தள்ளுவார்கள். பேரும் முகமும் தெரியாத அவர்கள் தோழர்களா?

லண்டனில் 2017இல் 14 வயது மாணவி ஒருத்தி மாண்டாள். போனில் ஓயாமல் வந்த இத்தகைய விஷயங்களும் அதற்குக் காரணம் என்று 2022இல் விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அதே 2017இல் இங்கே 'நீலத் திமிங்கிலம்' என்ற விளையாட்டைப் பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கெடுத்தது. சாவுகளுக்கு அந்த விளையாட்டே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்று பிறகு மத்திய அரசு கூறியது. ஆகவே போனைப் பிடுங்கினால் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பேச ஆள் வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தற்கொலைக்குத் தூண்டினால் பத்தாண்டு வரை சிறை. முயன்றவரைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவோ 2024 ஜூலை முதல் இல்லை. கேஸ் வரும் என்று அஞ்சி வீட்டில் மறைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பக்கத்து ஸ்பிண்டில்காரர் பேச்சற்றுப் போனாரா? "சாகத் தோன்றுகிறதா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. குறுக்கே பேசாமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 104இலும் பேசலாம். 1986 முதல் சென்னையில் சிநேகா என்ற அமைப்பும் இதே பணியைச் செய்கிறது. அதன் எண் 044-24640050.

ஒவ்வொரு ஹாஸ்டல் சுவரிலும் இந்த எண்கள் எழுதப்பட வேண்டும். பெண்கள் தடையின்றி வீட்டுக்குப் பேச வேண்டும். இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். ஒவ்வொரு ஷிப்டிலும் இருவர், ஒவ்வொரு தெருவிலும் இருவர் இப்பொறுப்பை ஏற்க வேண்டும். கடனுக்கும் கூலிக்கும் சேர்ந்து வழி தேடலாம். இன்று இக்கூட்டத்தில் அந்த நினைப்போடு உட்கார்ந்திருக்கும் தோழர் யாரேனும் இருந்தால், தயவுசெய்து தனியே வீடு திரும்பாதீர்கள். எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள், கூடவே வருகிறோம்.