இயற்கணிதம் கற்பிப்பது என்ன?



கல்லூரியில் முதலாண்டு கணிதம் பயில்வோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “பள்ளியிலேயே கூட்டல், பெருக்கல், வட்டிக் கணக்கு அனைத்தும் படித்து முடித்தோம். இனி எண்களை விடுத்து எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏன் திண்டாட வேண்டும்?” என்பதே அது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எங்கள் காளையார்கோவிலிலேயே தொடங்கலாம்.

மருது சகோதரர்கள் இங்குள்ள பெரிய கோபுரத்தை எழுப்பியபோது, மானாமதுரையிலிருந்து மக்கள் வரிசையாக நின்று செங்கற்களைக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்தனர் என்பது எங்கள் ஊரில் வழங்கும் செவிவழிச் செய்தி. அவ்வரிசையில் எத்தனை பேர் நின்றிருக்க வேண்டும்? தூரமும், இருவருக்கு இடையேயுள்ள இடைவெளியும் தெரிந்தால்தான் எண்கணிதம் வாய் திறக்கும். இயற்கணிதமோ அவை தெரிவதற்காகக் காத்திருப்பதில்லை. தூரத்தைத் ‘த’ என்றும், இடைவெளியை ‘இ’ என்றும் கொண்டால், ஆட்களின் தொகை த ÷ இ + 1 என்று உடனே எழுதிவிடலாம். இவ்வூருக்கு மட்டுமன்று, எவ்வூருக்கும் எந்த வரிசைக்கும் இது பொருந்தும். தெரியாத ஒன்றுக்குப் பெயரிட்டு, அதைத் தெரிந்தது போலவே கையாள்வது இயற்கணிதம் தரும் முதற்பயிற்சி.

இரண்டாவது பயிற்சி இன்னும் ஆழமானது. 40 அடி நீளமுள்ள வேலி ஒருவரிடம் இருக்கிறது. அதைக்கொண்டு நீள்சதுரமாக ஒரு பாத்தியை அடைக்க வேண்டும். அகலம் ‘க’ அடியானால் நீளம் 20 − க அடி. பாத்தியின் பரப்பு 96 சதுர அடியாக வேண்டுமெனில், இருபடிச் சமன்பாடு 8, 12 என்னும் இரு மூலங்களைத் தருகிறது. 100 சதுர அடி வேண்டுமெனில் 10 என்னும் ஒரே விடைதான், பாத்தி சதுரமாகிவிடுகிறது. 120 சதுர அடி வேண்டுமென்றால்? மூலங்களின் தன்மையைக் காட்டும் கோவையின் மதிப்பு 400 − 480, அதாவது −80 என வருகிறது. எதிர்க்குறி எண்ணுக்கு மெய்யான வர்க்கமூலம் இல்லை. ஆகவே அத்தகைய பாத்தியை யாராலும் எக்காலத்திலும் அமைக்க முடியாது. மண்ணில் ஒரு முளையும் அடிக்காமல், நாற்காலியில் அமர்ந்தபடியே இதைச் சொல்லிவிடுகிறோம். விடை உண்டா, உண்டெனில் எத்தனை என்று முதலில் கேட்கும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. நார்வே நாட்டு இளைஞர் ஏபெல் 1824-இல் நிறுவியதும் இவ்வகை உண்மையே. ஐந்தாம் படிச் சமன்பாடு அனைத்திற்கும் பொதுவாக, நான்கு அடிப்படைச் செயல்களாலும் மூலக்குறிகளாலும் அமைந்த வாய்பாடு கிடையாது என்று அவர் காட்டினார். ‘முடியாது’ என்பதையும் ஐயமற நிறுவலாம் என்று அறிவது பெரியதோர் அறிவு.

இவையெல்லாம் ஏட்டோடு நின்றுவிடுவன என்று எண்ணிவிடாதீர்கள். அடுக்குக்குறியும் மடக்கையும் பயில்கிறீர்களே, அவை வீட்டு வாசலுக்கே வருவன. ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டுவட்டியில் வைத்த 1,000 ரூபாய் ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,999 ரூபாயாகிறது. இதே ஆயிரத்தை ஒரு குடியானவர் ‘மூன்று வட்டி’க்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டாத வட்டி மாதந்தோறும் முதலோடு சேர்ந்தால், இருபத்து நான்கு மாதங்களில் கடன் 2,033 ரூபாயாகிவிடும். முன்னதில் ஒன்பது ஆண்டு. பின்னதில் இரண்டே ஆண்டு. மூன்று என்பது எட்டைவிடச் சிறிய எண்தானே என்று ஏமாந்து கையெழுத்திட்டு நிலத்தை இழந்த குடும்பங்களை நம் சீமை அறியும். அடுக்கின் ஆற்றலை உணர்ந்த மகனோ மகளோ அவ்வீட்டில் இருந்திருந்தால், பத்திரத்தில் கைவைக்கும் முன்னரே ஒரு கேள்வி எழுந்திருக்கும்.

இவ்வளவு பயனுள்ள பாடத்தைக் கண்டு மாணவர் அஞ்சுவது ஏன்? நான் கண்டவரையில், அவர்களை இடறச் செய்வது உயர்ந்த தேற்றங்கள் அல்ல. பின்னமும், குறியும், அடைப்புமே. (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதிவிடுவோர் பலர். அ-வுக்கு 3-ஐயும், ஆ-வுக்கு 4-ஐயும் இட்டுப் பாருங்கள். முன்னது 49, பின்னது 25. விடுபட்ட 24 எங்கே என்று தேடினால், 2அஆ தானே வந்து நிற்கும். எழுத்தில் ஐயம் தோன்றினால் எண்ணை இட்டுச் சோதியுங்கள். எண் ஒத்துவராவிட்டால் எழுதியது பிழை என்பது உறுதி; ஒத்துவந்தால் மட்டும் போதாது, காரணமும் காட்ட வேண்டும். ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் உங்களைத் திருத்தவல்ல துணை இது.

கணிதம் நமக்கு எட்டாத கனி என்னும் எண்ணமும் வேண்டா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். 1950-இல் இராமானுசன் பெயரால் சென்னையில் கணித ஆய்வு நிலையமும் நிறுவினார். அது பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. செட்டிநாட்டைச் சேர்ந்த மற்றொரு வள்ளலான அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் உருவாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், தென்காசிப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கெண்கள் 73-க்கு மிகாமல் கூட்டி எழுதலாம் என்று அவர் 1940-இல் நிறுவியதை உலகம் ஏற்றுப் போற்றியது. 1950-இல் அமெரிக்காவில் கூடிய கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். சிற்றூரில் பிறந்தமை அவர் சிந்தனைக்குத் தடையாகவில்லை.

ஆகவே, நண்பர்களே, தேர்வு முடிந்தபின் வாய்பாடுகள் சில மறந்துபோகலாம். அதனால் பெருங்கேடு இல்லை. தெரியாததற்குப் பெயரிடுதல், விடை உண்டா என்று ஆராய்தல், கிடைத்த விடையைச் சோதித்தல் ஆகிய மூன்றும் உங்களிடம் தங்கினால் போதும். இன்றிரவு ஒரு கணக்கை எடுத்து, விடைப் பக்கத்தைத் திருப்பாமல், நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.