மேகாங் கரைப் போரும் காவிரிக் கரைக் குடும்பங்களும்

வியட்நாமில் 1946 முதல் 1954 வரை பிரான்சை எதிர்த்தும், பின்னர் 1975 வரை அமெரிக்கா பங்கேற்றும் நடந்த போர்கள் அந்நாட்டுக் குடும்பங்களைத் தலைமுறைகளாக வாட்டி வருவதை உலகம் அறியும். அதே போர்களால் நிலைகுலைந்த குடும்பங்கள் காவிரிப் படுகையிலும் உள்ளன என்பது அதிகம் பேசப்படவில்லை.

காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால், 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1859இல் சைகோனும் அவர்கள் கைக்குப் போனபின், காவிரி, மேகாங் ஆகிய இரு நெல் படுகைகளுக்கும் இடையே கடல்வழிப் போக்குவரத்து வளர்ந்தது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்களில் பலர் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் படைவீரர்களாகவும் சைகோன் சென்றனர். காரைக்கால், நாகூர், கூத்தாநல்லூர் முஸ்லிம்கள் அங்கே வணிகம் செய்தனர். நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். வியட்நாமியப் பெண்களை மணந்து அங்கேயே குடும்பம் அமைத்தவர்களும் இருந்தனர்.

1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தப்படி, காரைக்காலில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர், ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் மறுத்தாலன்றி, இந்தியக் குடிமகனானார். அங்கே பிறந்து சைகோனில் வாழ்ந்தவரோ, வேறு விருப்பம் தெரிவிக்காதவரை, பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடித்தார். இதனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே இரு நாட்டவராயினர்.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்ததும் இப்பிரிவு முற்றியது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் பிரான்சுக்கும், இந்தியக் குடிமக்கள் தமிழகத்துக்கும் புறப்பட, வியட்நாமிய உறவினர் பலர் அங்கேயே தங்க நேர்ந்தது. 1978இல் தெற்கு வியட்நாமில் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டபோது, எஞ்சியிருந்தவர்களின் கடைகளும் கைவிட்டுப் போயின. சைகோன் மாரியம்மன் கோயிலும், 1935இல் எழுந்த பள்ளிவாசலும் இன்றும் நிற்கின்றன. அவற்றைத் தாங்கிய தமிழ்க் குடும்பங்களோ பெரும்பாலும் கலைந்துவிட்டன.

போரின் இழப்பு உயிரோடும் உடைமையோடும் முடிவதில்லை. தாத்தாவின் மொழி பேரனுக்குப் புரியாமலும், ஒன்றுவிட்ட சகோதரர்கள் ஒருவரை ஒருவர் அறியாமலும் போவது, குண்டு விழாத ஊர்களிலும் போர் விட்டுச்செல்லும் தழும்பாகும். புதுச்சேரி வீடுகள் சிலவற்றில் வியட்நாமியப் பாட்டிமார் கற்பித்த 'சாயோ' என்னும் பொரித்த சுருள் இன்றும் செய்யப்படுகிறது. ஆனால் அப்பாட்டிமாரின் வாழ்க்கை அதிகம் எழுதப்படவில்லை.

ஆகவே, சைகோன் வாழ்வை நினைவில் வைத்திருக்கும் முதியோர் உள்ள வீட்டினர், அவர்களின் சொற்களை இப்போதே பதிவு செய்ய வேண்டும்; பழைய கடிதங்களையும் ஒளிப்படங்களையும் பிறப்புச் சான்றுகளையும் பாதுகாக்க வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் காரைக்கால் கல்லூரிகளும் அவற்றைத் திரட்டி வரலாறாக எழுத முன்வருதல் கடமையாகும்.