எண்ணும் உயிரும்



தம்மைத் தாமே வருத்திக்கொண்டு மருத்துவமனையில் சேரும் இளைஞர் தொகை பெருகிவிட்டது என்றொரு செய்தியைப் படித்தால் நம் நெஞ்சம் துணுக்குறும். துணுக்குறுவது நன்றே. ஆயினும், அவ்வெண் எதனை எண்ணியது என்று கேட்ட பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

இதனை நான் பிழை செய்தே கற்றேன். இளமையில், ஒரு மருத்துவமனையின் ஓராண்டுப் பதிவேட்டைத் தொகுக்கும் பணி எனக்கு வாய்த்தது. வரிகளைக் கூட்டி, "இத்தனை பேர்" என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த மருத்துவர் மூன்று வரிகளின்மீது விரலை வைத்தார். மூன்றும் ஒரே மாணவியின் பெயர்.

"தம்பி, நீ மூவரை எண்ணினாய், வந்தவள் ஒருத்தி. மும்முறை வந்தவளின் துயரை நாம் கேளாது விட்டோமே, அதுவன்றோ செய்தி!" என்றார். நான் தலைகுனிந்தேன். சேர்க்கை வேறு, ஆள் வேறு என்பது அன்று விளங்கிற்று.

விதி மாறினாலும் எண் மாறும். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு வெளிவந்த தேசிய மருத்துவ வழிகாட்டு நெறி, இவ்வாறு வரும் 16 வயதுக்குட்பட்டோரைப் பொதுவாக ஓரிரவு குழந்தைகள் பிரிவில் தங்கவைத்துப் பார்த்தல் வேண்டும் என்றது. அவசரப் பிரிவிலிருந்தே வீடு திரும்பியிருக்கக்கூடிய சிறுவன், இந்நெறிப்படி சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுவான். அங்கே எண் பெருகுவது துன்பத்தின் பெருக்கமாகாது, பரிவின் பெருக்கமாகும்.

அச்சம் அகன்றாலும் எண் உயரக்கூடும். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மனவழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதவேண்டும், தண்டிக்கலாகாது என்றது. வழக்குக்கு அஞ்சி மறைத்தவர் இனி மருத்துவரை நாடலாம் அல்லவா?

அங்ஙனமாயின் எவ்வுயர்வும் மெய்யன்று என்பதா? அன்று. அளவுகோல் மாறாதிருக்க, எண் மட்டும் உயர்ந்தால் அது மெய்யான எச்சரிக்கை. ஆக்ஸ்போர்டு நகரில் 1976 முதல், படுக்கையில் சேர்ந்தோரை மட்டுமன்றி, இக்காரணத்தால் பொது மருத்துவமனைக்கு வருவோர் அனைவரையும் தொடர்ந்து பதிந்து வருவது இதன்பொருட்டே.

இறுதியாக ஒன்று. மருத்துவமனை வாயிலையே அணுகாத துயரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது உங்கள் வகுப்பில், பக்கத்து இருக்கையில் இருக்கலாம். அதனைக் கேட்கும் செவி உங்களுடையதாகுக. கேட்டதை நம்பத்தகுந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண் இரவும் பகலும் விடை கூறும்.

எண்ணைக் கற்போம்; எண்ணுக்குப் பின்னுள்ள உயிரை மறவோம்.